களிம்பு காத்த நூல்

பருத்தித் துணி மண்ணிற் புதைந்தால் விரைவில் மக்கிவிடும். அங்ஙனமிருக்க, நெசவின் தொன்மையை அறிஞர் எவ்வாறு அறிகின்றனர்?

சிந்து வெளியிலுள்ள மொகஞ்சதாரோவில் 1920-களில் அகழ்ந்தபோது, வெள்ளிக் கலமொன்றில் ஒட்டிய துணித்துண்டு கிடைத்தது. உலோக உப்புக்கள் இழையில் ஊறி, நுண்ணுயிர்களை அண்டவிடாது தடுத்தமையால் அது எஞ்சியது. பம்பாய்ப் பருத்தி ஆய்வுக்கூடத்தார் அதனைப் பருத்தியென உறுதி செய்தனர்.

பலூசிஸ்தானத்து மெஹர்கரில், புதைகுழியிற் கிடைத்த செம்பு மணியின் துளையினுள்ளும் நூல் இருந்தது. அதுவும் பருத்தியே என்று 2002-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அதன் காலம் கி.மு. ஆறாம் ஆயிரத்தாண்டு, மொகஞ்சதாரோத் துணியினும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. அதனைக் காத்தது செம்பின் களிம்பே.

அங்கத்தினர்களே! நெய்யும் ரகம் ஒவ்வொன்றிலும் ஒரு சாண் துணியையும், விளைவிக்கும் பருத்தியில் ஒரு பிடி விதையையும் ஆண்டு குறித்துச் சங்கத்தில் பேணி வையுங்கள். நம் தொழிலின் சான்றைக் களிம்பின் தயவில் விடலாகாது.