சோலார் சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்க: வெளி மொடல் சேர்ப்போருக்குக் கைக்குறிப்புகள்

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. 50 வாற் சோலார் பலகை ஒன்று, 12 வோல்ற் பற்றறி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் சின்னதாய் ஒரு சார்ஜ் கட்டுப்படுத்தி. இவ்வளவும் இருந்தால் படகு விளக்கையோ ஆட்டுப்பட்டி விளக்கையோ எரியவிடலாம். உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல செயற்றிட்டமும் கூட. ஆனால் சிலாவத்துறையிலோ கொண்டச்சியிலோ இருந்துகொண்டு சாமான் வாங்க மன்னார் ரவுணுக்குப் பஸ் ஏற வேண்டும். ஒரு ஐ.சி. எரிந்தால் மறுபடியும் பஸ்தான். அதனால் முதலில் கணினியில் ஓட்டிப் பார்ப்பதே மலிவு.

அதற்கு எல்.ரி.ஸ்பைஸ் என்ற மென்பொருள் போதும். இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஒரு குறை என்னவென்றால், அதை வெளியிடும் அனலொக் டிவைசஸ் நிறுவனம் ஐ.சி. விடயத்தில் பெரும்பாலும் தன் சொந்தச் சரக்கைத்தான் அதில் நிரப்பி வைத்திருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கிற எல்.எம். 358 போன்றவற்றை அதில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. மற்ற நிறுவனங்களின் மொடல்களை, அதாவது ஒரு உறுப்பு எப்படி நடக்கும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்புகளை, நாமே கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

1. தேடப் போகுமுன் மென்பொருளில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். பி.சி. 547 திரான்சிஸ்டர், 1என்5819 ஷொட்கி இருவாயி, 555 ரைமர் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. சுற்றின் போக்கு சரியா என்று மட்டும் பார்க்க, யூனிவர்சல் ஒப்அம்ப் என்ற பொது உறுப்பே போதும்.

2. மொஸ்பெற் குறியீட்டை வரைந்துவிட்டு மொடல் பெயர் கொடுக்காமல் ஓட்டாதீர்கள். மென்பொருள் முறைப்பாடு சொல்லாது. தன்னிடமுள்ள பொது எண்களைப் போட்டு ஓட்டிவிடும். அந்தப் பொது மொஸ்பெற்றின் கேற்றுக்கு 12 வோல்ற் கொடுத்தாலும் அது சுமார் 4,000 ஓம் தடையி மாதிரித்தான் நடக்கும். விளக்கில் சில மில்லி அம்பியர் மட்டும் ஓடும். சுற்றில் பிழை தேடி மண்டையை உடைக்கிற பலருக்கு உண்மையில் இதுதான் காரணம்.

3. மொடலை அந்த உறுப்பைச் செய்கிற நிறுவனத்தின் பக்கத்திலிருந்தே எடுங்கள். எல்.எம். 358க்கு ரெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ். ஐ.ஆர்.எவ்.இசட். 44 என் மொஸ்பெற்றுக்கு இன்ஃபினியன். அதைச் செய்துவந்த இன்டர்நெஷனல் ரெக்ரிஃபையர் நிறுவனத்தை இன்ஃபினியன் 2015இல் வாங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான மொடல்களை ஒரே பொதியாகக் கட்டித் தருபவர்களும் உண்டு. யார் எழுதியது, எதிலிருந்து எடுத்தது என்று தெரியாத பொதி எனக்குப் பிடிப்பதில்லை. டேற்றாவும் வீண். ஒரு தனி மொடல் கோப்பு பெரும்பாலும் சில கிலோபைற்றுகள்தான்.

4. இறக்கிய கோப்பை முதலில் நோட்பேட்டில் திறந்து வாசியுங்கள். இது சும்மா எழுத்துக் கோப்புத்தான். ஸ்பைஸ் என்பது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லோரன்ஸ் நேகல் எழுதி, அவருடைய பேராசிரியர் டொனால்ட் பெடர்சன் 1973இல் வெளியுலகுக்கு அறிமுகப்படுத்திய நிரல். மூல நிரலை அவர்கள் திறந்து கொடுத்ததால் பிறகு வந்த மென்பொருள்கள் பலவும் அதே எழுத்து நடையைப் பின்பற்றின. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் மொடல் இன்னொரு நிறுவனத்தின் மென்பொருளில் ஓடுகிறது. நட்சத்திரக் குறியோடு தொடங்கும் வரிகள் மனிதருக்கு எழுதிய குறிப்புகள். கணினி அவற்றைத் தாண்டிப் போகும், நீங்கள் தாண்டக் கூடாது. மற்றவற்றில் நீங்கள் தேடவேண்டியது, முன்னால் புள்ளி வைத்த இரண்டு சொற்களில் எது இருக்கிறது என்று: 'மொடல்' அல்லது 'சப்சேர்க்கிட்'. சேர்க்கும் வழி அதைப் பொறுத்தே மாறும்.

5. 'மொடல்' வரி என்றால் வேலை சுலபம். இருவாயிகளும் சிறு திரான்சிஸ்டர்களும் பெரும்பாலும் இப்படித்தான் வரும். அந்த வரியை அப்படியே பிரதி எடுத்து, ஸ்பைஸ் டிரெக்டிவ் என்ற வசதி வழியாகச் சுற்றுப் படத்தின் மேலேயே ஒட்டிவிடுங்கள். பிறகு இருவாயியின் பெயரில் வலது கிளிக் செய்து, மொடலில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். தனிக் கோப்பே தேவையில்லை. படத்தை யாருக்கு அனுப்பினாலும் மொடலும் கூடவே போகும்.

6. 'சப்சேர்க்கிட்' என்றால் அது பல உறுப்புகள் சேர்ந்த ஒரு உட்சுற்று. இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். படத்தில் உள்ள மொஸ்பெற் குறியீட்டின் மேல் கொன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்யுங்கள். ஒரு அட்டவணை திறக்கும். அதில் ப்ரிஃபிக்ஸ் என்ற இடத்தில் இருப்பதை அழித்துவிட்டு ஆங்கில எக்ஸ் எழுத்தைப் போடுங்கள். வலியூ என்ற இடத்தில் உட்சுற்றின் பெயரைக் கொடுங்கள். கோப்பின் பெயரை 'லிப்' கட்டளையோடு படத்தில் எழுதுங்கள்.

இது முடிந்தாலும் கால்களின் வரிசை சரியா என்று பார்க்காமல் ஓட்டக் கூடாது. சப்சேர்க்கிட் வரியில் பெயருக்குப் பின்னால் 1 2 3 என்று எண்கள் வரும். இவை உறுப்பின் உடம்பிலுள்ள கால் எண்கள் அல்ல. 44 என் மொஸ்பெற்றையே எடுங்கள். கையில் பிடித்து எழுத்துள்ள பக்கத்தைப் பார்த்தால் இடமிருந்து முதல் கால் கேற், நடுக்கால் டிரெயின், மூன்றாவது சோர்ஸ். ஆனால் பழைய மொடல் கோப்பில் 1 டிரெயின், 2 கேற், 3 சோர்ஸ். எல்.ரி.ஸ்பைஸின் மொஸ்பெற் குறியீடும் டிரெயின், கேற், சோர்ஸ் என்ற வரிசையிலேயே இருப்பதால் இது அப்படியே பொருந்திவிடும். தரவுத்தாளைப் பார்த்துக் கால் எண்ணைத் 'திருத்த'ப் போனால்தான் கேற்றும் டிரெயினும் இடம் மாறிவிடும்.

7. எல்.எம். 358க்கும் இதே கதைதான். ஐ.சி.க்கு எட்டுக் கால். உள்ளே இரண்டு ஒப்அம்ப். மொடலில் ஐந்து முனைதான் இருக்கும், ஏனென்றால் அது ஒரு ஒப்அம்ப்புக்கு மட்டும். பழைய மொடலின் வரிசை: நேர் உள்ளீடு, மறை உள்ளீடு, நேர் மின்வழங்கல், மறை மின்வழங்கல், வெளியீடு. மென்பொருளில் ஒப்அம்ப்2 என்ற பெயரில் இருக்கும் குறியீட்டின் வரிசையும் அதுவே, அதனால் அதையே எடுங்கள். இரண்டு ஒப்அம்ப்பும் வேண்டுமென்றால் குறியீட்டை இரண்டு தரம் வையுங்கள்.

8. பொருந்தும் குறியீடு கிடைக்காவிட்டால், மொடல் கோப்பை எல்.ரி.ஸ்பைஸிலேயே திறந்து, சப்சேர்க்கிட் வரியின் மேல் வலது கிளிக் செய்து குறியீடு உருவாக்கச் சொல்லுங்கள். ஒரு பெட்டியும் கால்களும் தானாக வரும். அழகில்லை, ஆனால் வரிசை பிசகாது.

9. மொடல் கோப்பை மென்பொருளின் பொது நூலகத்துக்குள் கொண்டுபோய்ப் போடாதீர்கள். புதிய பதிப்பு வரும்போது அது அழிந்துபோகலாம். சுற்றுப் படம் இருக்கும் அதே கோப்புறையில் வைத்து, கட்டளையில் கோப்பின் பெயரை மட்டும் எழுதுங்கள். முழுப் பாதையையும் எழுதினால் உங்கள் கணினியில் ஓடும்; பென் ட்ரைவில் ஆசிரியரிடம் கொண்டுபோனால் ஓடாது. கோப்புறைக்கு ஆங்கில எழுத்தில், இடைவெளியில்லாத பெயராக வையுங்கள்.

10. கோப்பு கண்முன்னே இருக்க, காணவில்லை என்று மென்பொருள் சொன்னால் பெயரின் வாலைப் பாருங்கள். நோட்பேட் சத்தமில்லாமல் 'ரி.எக்ஸ்.ரி' என்ற வாலை ஒட்டியிருக்கும்; விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கும். வியூ பட்டியலில் வால் பெயர்களைக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும்.

11. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தில் கவனம். ஸ்பைஸில் பெரிய எம் போட்டாலும் சிறிய எம் போட்டாலும் மில்லிதான். ஒரு மெகா ஓம் வேண்டுமென்றால் எம்.ஈ.ஜி என்று மூன்று எழுத்தும் போட வேண்டும். அதைவிடப் பொல்லாதது எஃப். ஒரு ஃபரட் கொள்ளளவி என்று நினைத்து 1க்குப் பக்கத்தில் எஃப் போட்டால் ஒரு ஃபெம்ரோ ஃபரட் என்று எடுத்துக்கொள்ளும். வெறும் 1 என்று விட்டுவிடுங்கள்.

12. வீட்டு மின்சாரத்திலிருந்து சார்ஜ் ஏற்றும் சுற்றென்றால் சைன் அலையின் வீச்சுக்கு 230 போடாதீர்கள். அங்கே கேட்பது உச்ச அளவு: 325 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்.

13. புது மொடலை நேரே பெரிய சுற்றில் வைக்காமல் முதலில் தனியாகச் சோதியுங்கள். 1என்5822 ஷொட்கி என்றால் பூச்சியத்திலிருந்து 3 அம்பியர் வரை ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். தரவுத்தாள் சொல்வது, 3 அம்பியரில் அதிகபட்சம் 0.525 வோல்ற். மொடல் 0.8, 0.9 என்று காட்டினால் யாரோ சாதாரணச் சிலிக்கன் இருவாயிக்கு ஷொட்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

44 என் மொஸ்பெற்றில் இன்னொரு நுணுக்கம். அது திறக்கத் தொடங்கும் கேற் வோல்ற்றளவு 2இலிருந்து 4 வரை எங்கேயும் இருக்கலாம் என்கிறது தரவுத்தாள். மொடலில் இருப்பதோ ஒரேயொரு எண். ஆர்டுயினோவின் 5 வோல்ற்றால் அதை ஓட்டுகிற சுற்று கணினியில் ஒழுங்காக வேலை செய்யும். வாங்கி வந்த உறுப்பு 4 வோல்ற்றில் திறக்கிற வகையாக இருந்தால் பாதி திறந்தபடி கொதிக்கும். மொடல் கோப்பை வேறு பெயரில் பிரதி எடுத்து, வி.ரி.ஓ என்ற எண்ணை 4 ஆக்கி ஒருமுறை ஓட்டுங்கள். அப்போதும் விளக்கு முழுதாக எரிந்தால் நல்லது. எரியாவிட்டால் கேற்றுக்கு 10 வோல்ற் கொடுக்க வழி பாருங்கள், அல்லது 5 வோல்ற்றுக்கென்றே செய்த ஐ.ஆர்.எல்.இசட். 44 என் வாங்குங்கள்.

14. சோலார் பலகைக்கு யாரும் மொடல் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே எழுதலாம். 36 செல் கொண்ட 50 வாற் பலகைக்கு: 3 அம்பியர் மின்னோட்ட மூலம் ஒன்று, அதற்குச் சமாந்தரமாக ஒரு இருவாயி, வெளியே போகும் கம்பியில் தொடராக 0.3 ஓம் தடையி. இருவாயியின் மொடல் வரியில் ஐ.எஸ் என்பதற்கு 38 நானோ, என் என்பதற்கு 47 கொடுங்கள். திறந்த சுற்றில் ஏறத்தாழ 22 வோல்ற் வரும். பதினேழரை வோல்ற்றில் கிட்டத்தட்ட 50 வாற் கிடைக்கும். முகில் மறைப்பதைப் பார்க்க 3 அம்பியரை 1 ஆக்குங்கள். பலகையின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் தாளில் வேறு எண்கள் இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

15. ஸ்பைஸ் தானாக எடுத்துக்கொள்ளும் வெப்பநிலை 27 பாகை செல்சியஸ். தகரக் கூரையின் கீழே, மூடிய பெட்டிக்குள், சித்திரை மாத மத்தியானத்தில் அந்த எண்ணுக்கு வேலையில்லை. 'ரெம்ப்' கட்டளையால் 60 பாகையிலும் ஒருமுறை ஓட்டுங்கள். மொஸ்பெற்றின் தடை ஏறுவதும் இருவாயியின் எதிர்க்கசிவு கூடுவதும் தெரியும். எழுதியவர் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காத மொடல்களும் உண்டு. வெப்பத்தை மாற்றியும் கோடு அசையாவிட்டால் அந்த மொடலை இந்த விடயத்தில் நம்ப வேண்டாம்.

16. பழைய ஒப்அம்ப் மொடல்கள் சிலவற்றில் வெளியீட்டில் போகும் ஓட்டம் மின்வழங்கலிலிருந்து வருவதாகக் கணக்கு இருக்காது. பற்றறி எத்தனை மணிநேரம் தாங்கும் என்று அறிய அந்த மொடலைப் பாவிக்காதீர்கள். 358 எவ்வளவு குடிக்கும் என்பதைத் தரவுத்தாளிலிருந்து எடுத்துக் கையால் கூட்டுங்கள்.

17. மொடல் கோப்பைத் திறந்தால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாக இருந்தால் அது பூட்டிய மொடல். பி.ஸ்பைஸ் என்ற வேறொரு மென்பொருளுக்காகப் பூட்டியதை எல்.ரி.ஸ்பைஸ் வாசிக்காது, பூட்டை உடைக்கப் பார்ப்பதும் வீண் வேலை. ரெக்சஸ் நிறுவனத்தின் உறுப்பென்றால் அவர்கள் 2020இல் இலவசமாக வெளியிட்ட பி.ஸ்பைஸ் ஃபோர் ரி.ஐ. என்ற மென்பொருளில் ஓட்டலாம். தரவிறக்கம் பெரியது, ஆகவே வைஃபை இருக்கும் இடத்தில் செய்யுங்கள். பூட்டி வைப்பது சின்ன உறுப்புகளோடு நிற்பதில்லை. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்று மின் நிலையத்தில் வெஸ்ராஸ் நிறுவனத்தின் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற். இப்படிப்பட்ட ஆலையை மின்வலையோடு இணைக்குமுன் பொறியியலாளர்கள் கணினியில் பார்ப்பதும் பொதுவாக உற்பத்தியாளர் தரும் மொடலை வைத்துத்தான். அதையும் பலர் பூட்டித்தான் கொடுக்கிறார்கள்.

18. ஓட்டம் நடுவழியில் நின்று, நேரப்படி மிகச் சிறிதாகிவிட்டது என்று வந்தால், உண்மையில் இல்லாத அளவுக்குச் சுத்தமான உறுப்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பற்றறிக்குத் தொடராக 0.05 ஓம், சுருளுக்குக் கொஞ்சம் தடை, துடிப்பு மூலத்தின் ஏற்ற இறக்க நேரத்துக்குப் பூச்சியத்துக்குப் பதில் 50 நானோ செக்கன் என்று கொடுத்தாலே பெரும்பாலும் ஓடிவிடும்.

19. மொடல் அசல் உறுப்புக்கு எழுதியது. கடையில் கிடைப்பது போலியாகவும் இருக்கலாம். 44 என் வாங்கினால் பொருத்துமுன் இதைச் செய்யுங்கள். 12 வோல்ற், 60 வாற் வாகன ஹெட்லைற் குமிழ் ஒன்றைப் பற்றறியின் நேர் முனைக்கும் டிரெயினுக்கும் நடுவில் இணையுங்கள். சோர்ஸை மறை முனைக்கு, கேற்றை நேர் முனைக்கு. குமிழ் எரியும்போது சுமார் 5 அம்பியர் ஓடும். மல்ரிமீற்றரை மில்லிவோல்ற்றில் வைத்து டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையில் அளவிடுங்கள். தரவுத்தாளின்படி தடை அதிகபட்சம் 17.5 மில்லி ஓம் என்பதால் 90 மில்லிவோல்ற்றுக்குள் வர வேண்டும். 200, 300 காட்டினால் பற்றுச்சீட்டோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.