பாலர் வாசிப்பு வகுப்பு நடத்துவது எப்படி? லாபு வட்டாரத்து அன்பர்களுக்கு ஒரு பாடம்



லாபு வட்டாரத்துத் தாய்மார் சிலர் நம்மிடம் ஒரு விஷயம் கேட்டிருக்கிறார்கள். "பள்ளிக்கூடம் போகுமுன்பே பிள்ளைகளுக்கு எழுத்திலும் புத்தகத்திலும் பழக்கம் உண்டாக்க ஒரு வகுப்பு வைக்க ஆசைப்படுகிறோம். எப்படி நடத்துவது?" என்பது அவர்கள் கேள்வி. இவ்வித வகுப்புகளைத் தொடங்குவது எளிது. ஆறு மாதம் சென்ற பிறகும் பாயில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்படி செய்வதுதான் கடினம். ஆதலால் இந்த மாதப் பாடத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பழைய குறை

சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையே இரயில் பாதையோரம் இருக்கும் லாபுவை நம்மவர் யாவரும் அறிவர். அங்குள்ள தமிழ்ப் பள்ளிகளின் பெயரிலேயே முதற் பிரிவு, நான்காம் பிரிவு என்று தோட்டப் பிரிவின் எண் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பிரிவுக்கும் இன்னொரு பிரிவுக்கும் நடுவில் மரங்கள். சிறு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது இலேசன்று.

மலாயாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தார் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று கூறியது. சட்டம் பிள்ளையை ஏழாவது வயதிலிருந்துதான் எண்ணியது. அதற்கு முந்திய வயதுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. விடியுமுன் தாய் பிரட்டுக்குப் போவாள். பிள்ளை ஆயாவிடம் இருக்கும். பாலூட்டுவதும் தொட்டிலாட்டுவதும் ஆயாவின் வேலை. எழுத்தைக் காட்டுவது அவள் வேலையாக ஒருநாளும் கருதப்படவில்லை. ஆகவே எத்தனையோ பிள்ளைகள் புத்தகம் என்ற பொருளை முதன்முதலில் தொட்டது வகுப்பறையில்தான்.

பிறகு காலம் மாறியது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையில் சேர்த்தது. 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயமாயிற்று. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்துக் குடும்பங்கள் பல, தாமான் வீடுகளுக்குக் குடிபோயின. ஆனால் பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் மதியம் வீடு திரும்புகிறது. அந்த வீட்டில் ஒரு கதைப் புத்தகமாவது இருக்கிறதா? எடுத்துச் சொல்ல ஆள் இருக்கிறார்களா? நாம் வைக்கப் போகும் வகுப்பு இந்தக் குறையைத் தீர்ப்பதாக இருக்க வேண்டும்.

வகுப்பு யாருக்கு?

வகுப்பு பிள்ளைக்கு என்றே நினைத்துத் தொடங்குகிறோம். உண்மையில் அது பிள்ளையும் பெரியவரும் சேர்ந்து வருவதற்கான வகுப்பு. தாய், தகப்பன், பாட்டி, மூத்த அக்காள் என யாராவது ஒருவர் கூட உட்கார வேண்டும். வாரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளை நம்மிடம் இருக்கும்; மற்ற நேரமெல்லாம் அவர்களிடந்தான்.

அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் 1988இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். படப் புத்தகத்தைப் பெற்றோர் வாசித்துக்கொண்டே போவதைக் காட்டிலும், நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்டு, பிள்ளையைப் பேசவிட்டு, அது சொன்னதை இன்னும் சற்று விரித்துச் சொன்னால் பேச்சு வளம் விரைவாகப் பெருகுகிறது என்று அதில் கண்டார்கள். "இது என்ன?" என்று கேட்கிறோம். "பூனை" என்கிறது பிள்ளை. "ஆமாம், கறுப்புப் பூனை. அது எங்கே போகுது, சொல்லு பார்ப்போம்?" என்று தொடர்கிறோம். இவ்வளவுதான் வித்தை. இதற்குப் பட்டம் வேண்டாம், எழுத்தறிவுகூட வேண்டாம். படத்தைப் பார்க்கக் கண்ணும் பேச வாயும் போதும்.

நாம் செய்த ஒரு பிழை

முன்பு ஒரு தோட்டத்தில் இப்படியொரு வகுப்புக்கு நாம் உதவியாயிருந்தோம். தொடக்கம் நன்றாகவே இருந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு புதுமை செய்தோம். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு தாள் கொடுத்து, "வீட்டில் வாசித்துக் காட்டிப் பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்பவும்" என்று எழுதினோம். அதன் பின் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று கூட்டத்தில் குறையும் பேசினோம்.

பேரனை வளர்க்கும் ஒரு பாட்டியை வழியில் கண்டு, ஏன் அனுப்பவில்லை என்று எங்களில் ஒருவர் கேட்டார். "எனக்குக் கையெழுத்தே வராது தம்பி. தாளைப் பிடிச்சிக்கிட்டுப் பிள்ளை முன்னாலே முழிக்க வெட்கமா இருக்கு. அதான் அனுப்பலே" என்றார்.

எவருக்காகக் கதவைத் திறந்தோமோ அவர் முகத்திலேயே அதைச் சாத்தியிருந்தோம். தாளை அன்றே நிறுத்தினோம். அந்தப் பாட்டியை வகுப்புக்கு அழைத்து ஒரு கதை சொல்லச் சொன்னோம். அவர் நரிக் கதை சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த நான்கு வாக்கியங்களை அப்படியே பெரிய தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பேரனிடம் கொடுத்தோம். பாட்டி சொன்னது மனத்தில் இருந்ததால் பிள்ளை விரல் வைத்து "வாசித்தது". அடுத்த வாரம் பாட்டியே அந்தத் தாளில் "நரி" என்ற சொல்லைத் தேடிக் காட்டினார்.

பள்ளிவாசலில் தொடங்கிய வாசிப்பு

இடமில்லையே என்று தயங்குவோருக்கு ஜோர்தான் நாட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லுவோம். ரானா தஜானி என்ற அம்மையார் ஓர் உயிரியல் விஞ்ஞானி. 2006இல் அம்மான் நகரில் தம் பேட்டைப் பள்ளிவாசலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, அவர்களுடைய மொழியிலேயே கதைப் புத்தகங்களை உரக்க வாசித்தார். பிறகு மற்றப் பெண்களுக்கும் இதைப் பழக்கி, அவரவர் பேட்டையில் வாசிக்கச் செய்தார். அந்த இயக்கம் பல நாடுகளுக்குப் பரவி, 2017இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசையும் பெற்றது. அவர் கட்டடம் கட்டிவிட்டு வேலையைத் தொடங்கவில்லை என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். சூராவ், பொது மண்டபம், ஒரு வீட்டு முன்வாசல், எதுவும் போதும். நம் பிள்ளைகள் மட்டுமன்றி அடுத்த வீட்டுப் பிள்ளை எச்சமயத்தைச் சேர்ந்ததாயினும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடமாக அது இருத்தல் வேண்டும்.

நடத்தும் முறை

1. நேரம்: வேலை முடிந்து குளித்து உணவருந்திய பெற்றோருக்கு ஏற்ற நேரத்தை அவர்களையே கேட்டு வையுங்கள். அஸருக்குப் பின் ஓதப் போகும் பிள்ளைகள் உண்டு. அந்த நேரத்தோடு மோத வேண்டாம். நாற்பது நிமிடத்துக்கு மேல் சிறு பிள்ளையை உட்காரவைக்கவும் வேண்டாம்.

2. ஆள்: தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், அதே ஊர்த் தன்னார்வலர் ஒருவருக்கு ஏறத்தாழ 20 பிள்ளைகள் என்று வகுத்தார்கள். அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். நான்கு, ஐந்து வயதுக்கு அதில் பாதியே அதிகம். ஒருவர் நடத்த, இன்னொருவர் துணையிருக்கட்டும். ஒருவர் நோய்ப்பட்டால் வகுப்பு நிற்கலாகாது.

3. பாடம்: முதலில் கதை. அடுத்துப் பிள்ளைகளின் பேச்சு. கடைசியாகச் சிறிது எழுத்து. தமிழில் 247 எழுத்துகள் உண்டு என்று பிள்ளையை மிரட்ட வேண்டாம். தன் பெயரின் முதலெழுத்தை அது அறியட்டும். பிறகு ட, ப, ம என்று வடிவம் நெருங்கிய எழுத்துகளைக் காட்டுங்கள். இம்மூன்றும் புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம் மூன்றையும் பிள்ளை தானே கூட்டிவிடும். அந்த மகிழ்ச்சியே அடுத்த எழுத்துக்கு இழுத்துச் செல்லும்.

4. பல எழுத்து: தமிழும் ரூமியும் இடமிருந்து வலம், ஓதும் பாடம் வலமிருந்து இடம். பிள்ளை குழம்பும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கலக்காமல், தொடங்கும் பக்கத்தை விரலால் காட்டிப் பழக்குங்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதி வாசித்த நம் முன்னோர்க்கு இது புதிதன்று.

5. புத்தகப் பெட்டி: வாரம் ஒரு புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு நோட்டில் பெயரும் தேதியும் குறித்தால் போதும். கிழிந்துவிட்டது என்று அபராதம் போடாதீர்கள். அபராதத்துக்கு அஞ்சிய வீட்டில் புத்தகம் அலமாரி மேல் ஏறிவிடும். கிழிந்த புத்தகத்தைப் பெற்றோரும் பிள்ளையும் கூடி ஒட்டட்டும்.

6. வராத பிள்ளை: இரண்டு முறை வராவிட்டால் ஒருவர் வீடு சென்று பார்க்க வேண்டும். "ஏன் வரலே?" என்று கேட்பதைவிட "பிள்ளையைக் காணோமே, சுகந்தானா?" என்று கேட்பது மேல். காரணம் தானே வெளிவரும்.

7. சட்டமும் கணக்கும்: 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ கட்டணம் பெற்றுப் பார்த்துக்கொள்ளும் இடம் சமூகநல இலாகாவில் பதிவு பெற வேண்டும். பாலர் பள்ளியாக நடத்தினால் கல்வி இலாகாவின் பதிவு தேவை. பெரியவர் கூடவே அமரும் இலவச வாசிப்பு வகுப்பு வேறு வகைதான். எனினும் தொடங்குமுன் இலாகாவில் கேட்டுத் தெளிவது நல்லது. நன்கொடை பத்து வெள்ளியாயினும் இரசீது கொடுத்து, மாதந்தோறும் கணக்கை எல்லாரும் பார்க்க ஒட்டிவையுங்கள்.

முடிவாக

வகுப்பு நன்றாக நடக்கிறதா என்று எதைக்கொண்டு அறிவது? எத்தனை பிள்ளை எத்தனை எழுத்து எழுதுகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் உண்டு. அதுவும் வேண்டியதே. ஆனால் நாம் முதலில் பார்க்க வேண்டியது, எழுத்தறியாத பெரியவர் ஒருவர் கூசாமல் வந்து பிள்ளையோடு பாயில் உட்காருகிறாரா என்பதை. அவர் வந்துவிட்டால் வகுப்பு முடிந்த பின்னும் அந்த வீட்டில் பாடம் நடக்கும்.

கூடிப் பேச வேண்டிய வினாக்கள்

1. உங்கள் பிரிவில் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் வீட்டில் புத்தகம் உள்ளவர் எத்தனை பேர்?
2. கதை சொல்லத் தெரிந்த பெரியவர்கள் யார் யார்? அவர்களை அழைக்கப் போகிறவர் யார்?
3. நமது பேச்சிலோ அறிவிப்பிலோ, எழுத்தறியாதவரைக் கூசச்செய்வது ஏதும் இருக்கிறதா?
4. வகுப்பை நடத்துபவர் ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டால் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கும்?