வைக்கோலுக்குக் கடை கிடையாது

உத்திரமேரூர்,
மாசி மாதம்.

அன்புள்ள வாசகி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சென்னை வேலையை முடித்துக்கொண்டு, சாலவாக்கம் பக்கம் தாய்வழியில் வந்த நிலத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள். இரண்டு கறவை மாடு வாங்கியாயிற்று. அடுத்த பட்டத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் போடும் எண்ணமும் இருக்கிறது. அமெரிக்காவிலிருக்கும் மகள் அனுப்பிய படத்தில், ஒரு கடை வாசலில் வைக்கோல் கட்டுகளை விலைச்சீட்டு போட்டு அடுக்கியிருந்தார்களாம். "நம்ம பக்கம் அப்படி ஒரு கடை எங்கே இருக்கிறது? உரக்கடையில் ஏமாறாமல் வாங்குவது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். நகரத்திலிருந்து நிலத்துக்குத் திரும்பும் பலருக்கும் இந்தக் கேள்வி இருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1938இல் தபால் வழியாக டிராக்டர் உதிரிபாகம் விற்கத் தொடங்கிய 'டிராக்டர் சப்ளை' மாதிரி கம்பெனிகள் இன்று கோழித் தீவனம், வேலிக் கம்பி, வைக்கோல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விற்கின்றன. நம் ஊரில் விதைக்கும் உரத்துக்கும் ஒரு கடை, தவிடு புண்ணாக்குக்கு ஒரு கடை, மண்வெட்டிக்கு இரும்புக் கடை, மூக்கணாங்கயிற்றுக்கு இன்னொரு கடை. பஜாரை ஒரு சுற்று சுற்றினால் எல்லாம் கிடைத்துவிடும். வைக்கோல் மட்டும் கிடைக்காது. அதற்குக் கடை கிடையாது. அறுவடை நடக்கும் வயல்தான் கடை. அறுவடை நடக்கும் பத்து நாள்தான் கடை திறந்திருக்கும் நேரம்.

ஆகவே வைக்கோலுக்கு முதலில் பார்க்க வேண்டியது காலண்டர். நம் பக்கத்தில் ஏரித் தண்ணீரை நம்பி மூன்று பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. ஆடி ஆவணியில் அறுக்கும் சொர்ணவாரி வைக்கோல் எப்போது வேண்டுமானாலும் மழையில் மாட்டும். தை மாசியில் வரும் சம்பா வைக்கோல் நிறையக் கிடைக்கும். ஆனால் காலைப் பனி இறங்கிய தாளை ஈரம் போவதற்குள் கட்டிவிடுவார்கள். பங்குனி சித்திரையில் அறுக்கும் நவரைதான் நம்பி வாங்கத் தக்கது. அந்த வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் தாள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். அப்போது எல்லா வயலிலும் வைக்கோல் கிடப்பதால் விலையும் படியும். இதே கட்டை ஐப்பசி மழையில் தேடிப் போனால் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். அதிலும் பாதி நனைந்ததாக இருக்கும்.

எவ்வளவு வாங்குவது? ஓரளவு பசுந்தீவனம் கிடைக்கும் மாட்டுக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 6 கிலோ வைக்கோல் போதும். இரண்டு மாட்டுக்கு 12 கிலோ என்று வைத்தால் வருஷத்துக்கு 4,400 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பேலர் மெஷின் கட்டும் உருளைக் கட்டு, அந்த மெஷினையும் கட்டின இறுக்கத்தையும் பொறுத்து, 15 கிலோவும் இருக்கும், 20 கிலோவும் இருக்கும். அப்படியானால் 220 கட்டு போதுமா, 290 கட்டு வேண்டுமா? எழுபது கட்டு வித்தியாசம்! இந்த இடத்தில்தான் புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். "கட்டு என்ன விலை?" என்று கேட்டால் வியாபாரி ஒரு விலை சொல்வார், அது மலிவாகவும் தெரியும். "கட்டு எத்தனை கிலோ?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கையில் ஒரு தொங்கு தராசு இருக்கட்டும். ஏற்றுவதற்கு முன் அங்கங்கே ஐந்து கட்டை எடுத்து நிறுத்துப் பாருங்கள். முழு லோடு வாங்கினால் வண்டியைக் காலியாக ஒரு தடவையும் பாரத்தோடு ஒரு தடவையும் எடை மேடையில் ஏற்றிவிடுங்கள்.

வாங்குவதற்கு இரண்டு வழி உண்டு. நிலத்துக்காரரிடம் வயலில் கிடக்கிற வைக்கோலுக்கு விலை பேசிவிட்டு, பேலர்காரருக்குக் கட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பது ஒன்று. வியாபாரியிடம் வீட்டில் கொண்டுவந்து இறக்கும் விலைக்கு வாங்குவது இன்னொன்று. இரண்டாவதில் கட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, இறக்குக்கூலி எல்லாம் உள்ளே போய்விடும். நான்கையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டால்தான் எது லாபம் என்று தெரியும். பக்கத்து வயலே என்றால் முதல் வழி. பெருநகர், மானாம்பதி பக்கமிருந்து வர வேண்டும் என்றால் பெரும்பாலும் இரண்டாவது வழி.

விலை பேசியாயிற்று. இனி கட்டைப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் எல்லாக் கட்டும் மஞ்சளாகத்தான் இருக்கும். கையை நடுவரைக்கும் விடுங்கள். உள்ளே கதகதவென்று இருந்தால் ஈரத்தோடு கட்டியது. ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பிடி உருவி உதறுங்கள். மண் கொட்டினால், ஈர வயலில் அறுவடை மெஷினின் பெல்ட் மிதித்த தாள். முகர்ந்து பாருங்கள், முக்கல் வாடை அடித்தால் விட்டுவிடுங்கள். மாடு கிராக்கி பண்ணுகிறது என்று நாம் திட்டுவது பெரும்பாலும் இந்த வாடைக்குத்தான். கடைசியாக மருந்து அடித்தது என்றைக்கு என்றும் கேளுங்கள். அறுவடைக்குச் சில நாள் முன்பு அடித்ததாகச் சொன்னால் அந்த வயல் வேண்டாம்.

கொண்டுவந்த கட்டைத் தரையில் போடாதீர்கள். கல்லோ பனங்கட்டையோ போட்டு, அதன் மேல் அடுக்குங்கள். தார்ப்பாயை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்க்கும். பக்கங்களில் காற்றுப் போக விடுங்கள். மின்கம்பிக்குக் கீழே போர் வேண்டாம். வண்டியில் உயரமாக ஏற்றி வரும்போதும் தெருக்கம்பியைப் பாருங்கள். தாழ்ந்த கம்பி உரசி வைக்கோல் வண்டி எரிந்த செய்தி வராத கோடை கிடையாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நல்ல வைக்கோலானாலும் அது வயிற்றை நிரப்புமே தவிர, பால் கறக்க வைக்காது. அதில் புரதம் 3, 4 சதவீதம்தான். பஞ்சாபில் நெல் அறுத்ததும் கோதுமை விதைக்கும் அவசரத்தில் நெல்தாளைக் கொளுத்துகிறார்கள். அங்கே மாட்டுக்குக் கோதுமைத் தாள் இருக்கிறது. நமக்கு நெல்தாளை விட்டால் வேறு கதி இல்லை. ஆகவே அதன் சத்தைக் கூட்டப் பாருங்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைப்பது கால்நடைத் துறையினர் வெகுகாலமாகச் சொல்லிவரும் முறை. திறந்து சற்று ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கூடாது. கரையாத யூரியா மாட்டின் வாய்க்கு எட்டவே கூடாது, அது விஷம். முதல் தடவை கால்நடை மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

யூரியா என்றதும் உரக்கடைக்கு வந்துவிட்டோம். வைக்கோலுக்குக் கையும் மூக்கும்தான் சாட்சி. கடைச் சரக்குக்கு எழுத்து சாட்சி. அதைப் படிக்கிற பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

யூரியா மூட்டை 2018 முதல் 50 கிலோ இல்லை, 45 கிலோ. விலை 266 ரூபாய் 50 காசு. மூட்டை மேலேயே அச்சடித்திருக்கும். அதில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது மூட்டைக்கு 20.7 கிலோ. நம் ஊரில் இன்னும் "ஏக்கருக்கு இத்தனை மூட்டை" என்றே பேசுகிறார்கள். நீங்கள் மண்வள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கிலோவில் பேசுங்கள். விரல்ரேகை வைத்து வாங்கும் மெஷினிலிருந்து ரசீது வரும். அதை வாங்காமல் நகராதீர்கள். "யூரியா வேணும்னா இந்த டப்பாவையும் எடுத்துக்கணும்" என்று ஒரு கடையில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் அந்த அனுபவம் உண்டு. யூரியாவோடு வேறு சரக்கைக் கட்டாயப்படுத்தி விற்கக் கூடாது என்று அரசு பலமுறை உத்தரவு போட்டிருக்கிறது. உதவி வேளாண்மை இயக்குநர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லப் போகிறேன் என்றாலே பெரும்பாலும் டப்பா அலமாரிக்குத் திரும்பிவிடும்.

விதைப் பையில் தைத்திருக்கும் அட்டையின் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் சான்று பெற்ற விதை. வெள்ளை என்றால் ஆதார விதை. இளம்பச்சை என்றால் உண்மைநிலை விதை. அதன் தரத்துக்கு விற்பவர் சொல்லே பொறுப்பு. நெல்லுக்கு முளைப்புத் திறன் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. குவியல் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். எண்பது முளைத்தால் நாற்று விடலாம். அறுவடை வரை அட்டையையும் ஒரு பிடி விதையையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். கலப்பு விதை என்று புகார் கொடுக்கும் நாளில் இந்த மூன்றும் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

பூச்சி மருந்து டப்பாவில் ஒரு கட்டம் இருக்கும்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. சிவப்புதான் கடும் விஷம். "என்ன அடிக்கலாம்?" என்று வெறுங்கையோடு கடைக்குப் போகாதீர்கள். தாக்கின பயிரைப் பிடுங்கிக்கொண்டு முதலில் வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். அங்கே எழுதித் தந்ததைக் கடையில் வாங்குங்கள். விற்கிறவரே வைத்தியராகவும் இருந்தால் மருந்துச் சீட்டு நீளத்தான் செய்யும். இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்லவில்லை. ஐதராபாத்தில் உள்ள 'மேனேஜ்' நிறுவனம் 2003 முதல் இடுபொருள் விற்பனையாளர்களுக்கென்றே 'தேசி' என்ற ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அதைப் படித்த கடைக்காரரிடம் வாங்குவது ஒருபடி மேல். சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறாரா என்று பாருங்கள்.

தீவனக் கடையில் புண்ணாக்கை உடைத்துப் பாருங்கள். உள்ளே பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை படர்ந்திருந்தால் வேண்டாம். அந்த நஞ்சு பால்வரைக்கும் போகும். ஒரு துண்டை ராத்திரி கண்ணாடி டம்ளரில் ஊறப் போட்டால், காலையில் அடியில் எவ்வளவு மணல் என்பது தெரிந்துவிடும். அடுத்த தடவை எந்தக் கடை என்பதை அந்த டம்ளர் சொல்லும்.

கடைக்காரர் "சாரை வரச் சொல்லுங்க மேடம்" என்றதாக வருத்தப்பட்டிருந்தீர்கள். அந்த இடத்தில் "இந்தப் பையோட குவியல் எண்ணைப் பில்லுல எழுதுங்க" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அப்புறம் சாரைக் கேட்க மாட்டார்.

மேலே சொன்ன அத்தனைக்கும் ஒரு நிபந்தனை உண்டு, அம்மா: கையில் காசு இருக்க வேண்டும். நம் பக்கம் பாதிக் கடை, நோட்டில்தான் நடக்கிறது. விதையும் உரமும் மருந்தும் கடனில் வாங்கி, அறுவடை முடிந்து தீர்ப்பது. கடனுக்கு வாங்குகிறவர் அட்டையின் நிறம் பார்க்க முடியாது, டப்பாவைத் திருப்பிக் கொடுக்க முடியாது, பில் கேட்க முடியாது. கடைக்காரர் எடுத்துப் போட்டதை வாங்கி வர வேண்டியதுதான். வைக்கோலிலும் அப்படியே. சித்திரையில் காசு இல்லாதவர் ஐப்பசி விலை கொடுக்கிறார்.

இதற்கு வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. நாட்டிலேயே முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல், அன்றைய நம் செங்கல்பட்டு ஜில்லாவின் திரூர் கிராமத்தில்தான் பதிவானது. இன்று தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உரிய காலத்தில் திருப்பிக் கட்டுவோருக்குப் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. மாடு பராமரிப்புக்கும் கடன் உண்டு. சிட்டா, அடங்கல் எடுத்துக்கொண்டு உறுப்பினராகச் சேருங்கள். அலைச்சல் இருக்கும்; கடை நோட்டு வட்டியைவிட அந்த அலைச்சல் மலிவு.

பில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். நம் ஊர்க் கல்வெட்டைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய அந்தச் சாசனத்தில் குடவோலைத் தேர்தலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அவர்கள் நினைக்கவில்லை. நீங்களும் நினைக்க வேண்டாம்.

இப்போது மாசி. நவரை கதிர் பிடிக்கும் நேரம். இந்த வாரமே உங்கள் ஊரைச் சுற்றி யார் யார் நவரை வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, இரண்டு பேரிடம் வைக்கோலுக்குச் சொல்லி வையுங்கள். பேலர்காரர் போன் நம்பரையும் வாங்குங்கள். அறுவடை தொடங்கினால் அவரைப் பிடிக்க முடியாது. ஒன்றரை ஏக்கர் நெல் போட்டால், வருஷத் தேவையில் பாதி வைக்கோல்வரை உங்கள் வயலிலேயே கிடைக்கும். அதையும் கணக்கில் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் பேசுங்கள். வைக்கோல் வந்து இறங்கியதும், கிலோ என்ன விலைக்கு முடிந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். கட்டு என்ன விலை என்று எழுதினால் பதில் போட மாட்டேன்.

அன்புடன்,
உத்திரமேரூர்க்காரன்