ஊர் அடங்கினாலும் மாத்திரை நிற்கக் கூடாது



மூட்டு வலி, கன்னத்தில் சிவந்த தடிப்பு, ஓயாத அசதி, விட்டு விட்டுக் காய்ச்சல். வீட்டில் "வேலைக்குச் சோம்பல்" என்பார்கள். இது லூபஸ் என்ற நோயாகவும் இருக்கலாம். தோல், மூட்டு, ரத்தக் குழாய் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசுவை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. சிறுநீரகமும் கெடலாம். இந்த நோய் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். இது ஒட்டுவாரொட்டி இல்லை. அவர் சமைத்ததைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

2020-இல் நடந்தது என்ன?

மார்ச் 25 முதல் ஊரடங்கு. பஸ் இல்லை. அதே மாதம், கொரோனா வராமல் தடுக்க மருத்துவப் பணியாளர்கள் ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரை சாப்பிடலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்னது. கேள்விப்பட்டவர்களும் வாங்கிக் குவித்தார்கள். லூபஸ் நோயாளிகள் தினமும் சாப்பிடுவதும் அதே மாத்திரைதான்! மார்ச் 26-இல் மத்திய அரசு அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது. அப்படியும் பல நோயாளிகள் கடை கடையாக அலைந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அதனால் பலன் இல்லை என்று ஜூன் மாதம் இங்கிலாந்து ஆய்வில் தெரிந்தது.

அய்யனார் கோவில் பக்கம் இருப்பவர்கள் ராஜபாளையம் வந்து, அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்குச் சுமார் 85 கி.மீ. போக வேண்டும். பஸ் நின்றால் மாத்திரையும் நின்றுவிடும். அதனால் முன்கூட்டியே தயாராக இருப்போம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீங்க. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.
2. டாக்டரிடம் கேட்டு ஒரு மாத மாத்திரை கூடுதலாகக் கையிருப்பு வையுங்க.
3. நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. வீட்டில் சளி, இருமல் உள்ளவர்கள் தள்ளிப் படுக்கணும். எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவணும்.
4. காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் கை வைத்தியம் பார்த்து நாள் கடத்தாதீங்க. ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.
5. வெயில் பட்டால் லூபஸ் கூடும். தோப்பு வேலை என்றால் நிழலில் உட்கார்ந்து செய்வதைக் கொடுங்க.

குழு செய்ய வேண்டியவை

டாக்டர் சீட்டின் நகல் ஒன்றைக் குழுத் தலைவி வைத்திருக்கலாம். மாத்திரை வாங்கி வர ஒருவரை முடிவு செய்யலாம். அவசரத்துக்குச் சேமிப்பிலிருந்து உள்கடன் தரலாம்.

கூட்டத்தில் பேசுங்கள்

நம் குழுவில் தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் எத்தனை பேர்? நாளைக்கே பஸ் நின்றால் யாருக்கு எத்தனை நாள் தாங்கும்?