ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும், டாக்டர்?

(செல்லப் பிராணி கேள்வி-பதில். பதில் சொல்பவர் ஒரு கால்நடை மருத்துவர்.)

கேள்வி: எங்கள் லேப்ரடார் பெண் குட்டிக்கு எட்டு மாதம் ஆகிறது. கருத்தடை ஆபரேஷனுக்கு ஒரு கிளினிக்கில் 9,000 ரூபாய் கேட்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி 4,500 போதும் என்கிறார்கள். யார் எங்களை ஏமாற்றுகிறார்கள்?
— ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: இரண்டு பேருமே ஏமாற்றாமல் இருக்கலாம். தொகையைக் கேட்டீர்கள், அதில் என்னென்ன அடக்கம் என்று கேட்டீர்களா? முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை உண்டா? மயக்கம் வெறும் ஊசியிலா, கேஸிலா? ஆபரேஷன் முடியும்வரை டிரிப்ஸ் ஓடுமா? மூச்சையும் துடிப்பையும் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆள் நிற்பாரா? வலி மருந்து வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார்களா? தையல் பிரிக்க வரும்போது மறுபடி காசா? இதற்கெல்லாம் பதில் வாங்கிய பிறகு இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெண் நாய்க்குச் செய்வது வயிற்றைத் திறக்கிற ஆபரேஷன். சூலகம், கருப்பை இரண்டையும் எடுக்கிறோம். முப்பது கிலோ லேப்ரடாரின் சூலகம் சிறுநீரகத்தை ஒட்டி, ஆழத்தில், கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். விரலால் தேடிப் பிடித்து, அதைக் கட்டி வைத்திருக்கும் தசைநாரைத் தளர்த்தி, மேலே கொண்டு வந்து ரத்தக் குழாயைக் கட்ட வேண்டும். அந்தக் கட்டு நழுவினால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். மருந்தின் அளவும் எடையைப் பொறுத்தது. அதனால்தான் பன்னிரண்டு கிலோ நாட்டு நாய்க்கு ஒரு விலை, உங்கள் குட்டிக்கு ஒரு விலை. ஆண் நாய்க்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, செலவும் குறைவு.

9,000 முடியாது என்றால் ஆபரேஷனைக் கைவிடாதீர்கள். வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளும் மாவட்டத் தலைநகரங்களின் அரசு கால்நடை மருத்துவமனைகளும் இருக்கின்றன. தனியாரில் ஆவதில் சிறு பங்குதான் ஆகும். காத்திருக்க வேண்டிவரும், விடியற்காலையில் வெறும் வயிற்றோடு நாயைக் கூட்டிப் போக வேண்டிவரும், அவ்வளவுதான்.

ஒன்று, பருவத்தில் இருக்கும்போது செய்யாதீர்கள். ரத்தக் குழாய்கள் தடித்திருக்கும். முடிந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும். பெரிய ஜாதி நாய்க்கு மூட்டு வலுப்பட ஒரு வயது வரை பொறுக்கலாம் என்று உங்கள் மருத்துவர் சொன்னால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அதுவரை கேட்டைப் பூட்டி வைக்க உங்களால் முடிய வேண்டும்.

கேள்வி: ஒரு ஈத்தாவது போட்ட பிறகு செய்தால்தான் நாய்க்கு நல்லது என்கிறார்களே?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை. முதல் பருவத்துக்கு முன் செய்தால் மடியில் கட்டி வருவது மிகவும் குறையும். ஒவ்வொரு பருவம் தாண்டும்போதும் அந்தப் பயன் குறைந்துகொண்டே போகும்.

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்குப் பருவம் வராமல் இருக்க வருடம் ஒருமுறை ஊசி போட்டுவிடுகிறோம். சில நூறு ரூபாயோடு முடிந்துவிடுகிறது. ஆறு வயது ஆகிறது. இப்போது பத்து நாளாகத் தண்ணீர் அதிகம் குடிக்கிறது, சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, பின்பக்கம் எப்போதும் நக்கிக்கொண்டே இருக்கிறது. என்ன மருந்து தரலாம்?
— ஒரு வாசகி, வேலூர்

பதில்: இந்தக் கடிதத்தை இதழ் வரும்வரை வைத்திருக்க முடியாது என்று ஆசிரியரிடம் சொல்லி அன்றைக்கே போனில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அது கருப்பையில் சீழ் கட்டியிருப்பதன் அடையாளம். பென்சில் பருமனில் இருக்க வேண்டிய கருப்பை சைக்கிள் டியூப் போல வீங்கிக் கிடக்கும். கர்ப்பவாய் மூடிக்கொண்டால் சீழ் வெளியே கூட வராது. வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, நாய் இரண்டு மூன்று நாளில் போய்விடும். கருத்தடை செய்யாத நடுவயது, வயதான பெண் நாய்களுக்குப் பருவம் முடிந்த சில வாரங்களில் வருகிற நோய் இது. நீங்கள் போடுகிற ஹார்மோன் ஊசி அதை வலியக் கூப்பிடுகிறது. அந்த ஊசியை எழுதித் தருகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்கிறவர்கள் மீது அதைவிட அதிகம்.

இப்போது செய்ய வேண்டியதும் அதே ஆபரேஷன்தான். ஆனால் நோயுற்ற உடம்பில், அவசரமாக, சிறுநீரகம் தாங்குமா என்ற பயத்தோடு, பல மடங்கு செலவில் செய்ய வேண்டும். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்களின் விலை இது.

கேள்வி: எங்கள் ராஜபாளையம் ஆண். கருத்தடை செய்தால் வீரம் போய்விடும், காவல் காக்காது என்று என் கணவர் மறுக்கிறார்.
— ஒரு வாசகி, சேலம்

பதில்: நாய் குரைப்பதும் வீட்டைக் காப்பதும் விரையிலிருந்து வருவதில்லை. போவது பெட்டையைத் தேடி மதில் தாண்டுகிற வேகம், மற்ற ஆண் நாய்களோடு கடிபடுகிற வேகம், இரண்டிலும் பெரும்பகுதி. அப்படி வெளியே போய்வருகிற ஆண் நாய்களுக்கு நம் ஊரில் சகஜமாக வருகிற ஒரு தொல்லையையும் அவரிடம் சொல்லுங்கள். இணையும்போது நாய்க்கு நாய் தொற்றுகிற கட்டி அது. குறியில் காலிஃபிளவர் மாதிரி சதை வளரும், ரத்தம் சொட்டும். குணப்படுத்தலாம், ஆனால் வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் ஊசி, அதுவும் பல வாரம். அவரை நேரில் அழைத்துவர முடிந்தால் எந்த மருத்துவரும் எடுத்துச் சொல்வார்.

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டு நாய் ஏழு குட்டி போட்டது. மூன்று ஆண் குட்டிகளையும் சொந்தக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். மீதி நான்கும் பெட்டை, யாரும் கேட்கவில்லை. மார்க்கெட் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார் மாமனார். எத்தனை வாரத்தில் விடலாம்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: எந்த வாரத்திலும் விடக் கூடாது. வளர்க்கிற பிராணியைப் பட்டினியும் தாகமும் கிடக்கும்படி விட்டுவருவது 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

சட்டத்தை விடுங்கள். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன். தெருநாய் தொல்லை பற்றி எனக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் அது எங்கிருந்தோ வந்து இறங்கியது போல எழுதுகிறார்கள். மீன் மார்க்கெட் வாசலில், கல்யாண மண்டபத்துப் பின்புறத்தில், விடியற்காலையில் வைத்துவிட்டுப் போன அட்டைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கண் திறந்து சில நாளே ஆன குட்டிகள், அத்தனையும் பெட்டை. ஆண் குட்டிக்கு வீடு கிடைக்கிறது. பெட்டைக்குத் தெரு கிடைக்கிறது. தெருவில் நாய் பெருகுவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை யாராலும் செய்ய முடியாது. எந்தப் பாலைத் தெருவுக்கு அனுப்பவே கூடாதோ அதை மட்டும் பொறுக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்த நான்கு குட்டிகளுக்கும் என்ன ஆகும் என்று சொல்கிறேன். ஒன்று வண்டிச் சக்கரத்தில் போகும். ஒன்று பார்வோ வந்து ரத்தமாகப் பேதி போய் இரண்டு நாளில் சாகும். ஒன்று குடற்புழுவில் வயிறு பானையாகிப் பட்டினியில் சாகும். மிஞ்சுகிற ஒன்று ஆறேழு மாதத்தில் பருவத்துக்கு வரும், 63 நாளில் குட்டி போடும், அடுத்த பருவத்தில் மறுபடி. ஒரு பெட்டையிலிருந்து ஆறு வருடத்தில் 67,000 நாய்கள் என்று சில இடங்களில் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். தெருவில் பிறக்கிற குட்டிகளில் பெரும்பாலானவை ஒரு வயதைப் பார்ப்பதில்லை, அந்தச் சாவுகளைக் கழிக்காமல் போட்ட கணக்கு அது. என்னை வாட்டுவது கணக்கில் விட்டுப்போன அந்தச் சாவுகள்தான்.

சாவுகளையும் மீறி எண்ணிக்கை ஏறுகிறது. சென்னையில் 2018 கணக்கெடுப்பில் தெருநாய்கள் ஏறத்தாழ 57,000. 2024 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.81 லட்சம். அவற்றில் கருத்தடை ஆனவை நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். புளியந்தோப்பிலும் கண்ணம்மாபேட்டையிலும் மாநகராட்சிக் கருத்தடை மையங்களில் டாக்டர்கள் ஒரு பக்கம் செய்துகொண்டிருக்க, மறு பக்கம் பெட்டிகள் வந்து இறங்குகின்றன. ஒரு தெருநாயைப் பிடித்து, ஆபரேஷன் செய்து, தேறும்வரை வைத்திருந்து, திரும்பக் கொண்டுவிட 1,650 ரூபாய் என்று விலங்கு நல வாரியம் கணக்கிட்டிருந்தது. உங்கள் நான்கு பெட்டைகள் பிழைத்தால் அந்தச் செலவு ஊர்ப் பணத்தில் விழும். அதற்குள் ஒன்று யாரையாவது கடித்தால், அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம்தான், ஆனால் கடிபட்டவருக்கு நான்கைந்து நாள் கூலி போகும்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எட்டு வாரம் வரை தாயிடம் வைத்திருங்கள். புழு மருந்து கொடுங்கள், முதல் தடுப்பூசி போடுங்கள். தருகிறபோது, ஆறு மாதத்தில் கருத்தடைச் செலவு எங்களுடையது என்று சொல்லித் தாருங்கள். பெட்டையை வேண்டாம் என்கிறவர்களில் பெரும்பாலோர் பயப்படுவது அந்தச் செலவுக்கும் தலைவலிக்கும்தான். அந்த ஒரு வாக்கில் வீடு கிடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அரசு மருத்துவமனையில் செய்தால் நான்குக்கும் சேர்த்துப் பெரிய தொகை ஆகாது. குட்டிகள் பால் மறந்து, மடி வற்றியதும் தாய்க்கு உடனே செய்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த பருவத்துக்குப் பிறகு எனக்கு இதே கடிதத்தை எழுதுவீர்கள். மாமனாரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் காலனியில் பன்னிரண்டு தெருநாய்கள். வண்டி வந்து பிடித்துப் போய் அதே நாய்களை ஐந்து நாளில் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டது. ஊருக்கு வெளியே விட்டால் என்ன?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது தெருநாய்க் கருத்தடை பற்றிய 2001 விதிகளிலும் இருந்தது, 2023இல் வந்த புதிய விதிகளிலும் இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களுக்கு 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு உத்தரவு போட்டது. உங்கள் காலனித் தெருவுக்கு அது பொருந்தாது.

அந்தப் பன்னிரண்டையும் அப்புறப்படுத்தினால் உங்கள் குப்பைத் தொட்டியும் கறிக்கடைக் கழிவும் அங்கேயேதான் இருக்கும். ஊசி போடாத, ஆபரேஷன் ஆகாத புது நாய்கள் சில வாரத்தில் அந்த இடத்துக்கு வரும், இடத்துக்காகச் சண்டை போடும், குட்டி போடும். திரும்பி வந்தவற்றின் காதைப் பாருங்கள், நுனி வெட்டியிருக்கும். அதற்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் ஆகிவிட்டது என்று பொருள். வெட்டாத காது எத்தனை என்று எண்ணி மாநகராட்சிக்கு எழுதுங்கள். பன்னிரண்டில் நான்குக்கு மட்டும் செய்து நிறுத்தினால் பலன் இல்லை. ஒரு பகுதியில் குறைந்தது 70 சதவீதத்துக்குக் குறுகிய காலத்தில் செய்து முடித்தால்தான் எண்ணிக்கை இறங்கும். ஆறு மாதம் ஆகாத குட்டியையும் பால் கொடுக்கிற தாயையும் வண்டிக்காரர் விட்டுவிட்டுப் போனால் கோபப்படாதீர்கள், விதி அப்படி. தேதி குறித்து வைத்துக்கொண்டு மறுபடி கூப்பிடுங்கள்.

கேள்வி: பூனை குட்டி போட்டு ஆறு வாரம். பால் கொடுக்கும்போது மறுபடி சினை பிடிக்காதுதானே?
— ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: பிடிக்கும். இதைப் படிக்கும்போதே பிடித்திருக்கலாம். கடுவனை உள்ளே விடாதீர்கள், குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குச் செய்யுங்கள். குட்டிகளையும் நான்கைந்து மாதத்திலேயே காட்டுங்கள், அந்த வயதிலேயே அவையும் சினைக்குத் தயாராகிவிடும்.

கேள்வி: ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். தெருவில் ஐந்து நாய்களுக்கு தினமும் சோறு வைக்கிறேன், மூன்று பெட்டை. எல்லாவற்றுக்கும் ஆபரேஷன் செய்ய என்னிடம் பணம் இல்லை. சோறு மட்டும் வைப்பது தவறு என்று தெருவில் திட்டுகிறார்கள்.
— ஒரு வாசகர், மதுரை

பதில்: ஐயா, உங்களைத் திட்டுகிறவர்களால் முடியாத ஒன்று உங்களால் முடியும். அந்த நாய்கள் உங்கள் கைக்கு வருகின்றன. பிடிப்பதுதான் இந்த வேலையில் கடினமான பாதி. வலையைப் பார்த்ததும் ஓடுகிற நாய் நீங்கள் கூப்பிட்டால் நிற்கும்.

மாநகராட்சியில் சொன்னால் காசு கேட்கமாட்டார்கள். வண்டி வருகிற நாளை முன்கூட்டிக் கேட்டு வாங்குங்கள். அன்று காலை சோறு வைக்காதீர்கள், வழக்கமான நேரத்தில் வழக்கமான இடத்தில் மட்டும் நில்லுங்கள். முதலில் மூன்று பெட்டைகள். பணம் கொடுத்துச் செய்யும்படி ஆனாலும் அவைதான் முதலில், ஆண் நாய்கள் காத்திருக்கலாம். திட்டுகிற வீடுகளிடம் ஒரு பெட்டைக்கு ஆகிற செலவைப் பங்கு போட்டுக் கேளுங்கள். நாய் குறைய வேண்டும் என்பதுதானே அவர்களும் கேட்பது, மறுக்க வழியில்லை. சோற்றை வீட்டு வாசல்களிலிருந்தும் குழந்தைகள் விளையாடுகிற இடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். நிறுத்த வேண்டாம்.

கேள்வி: ஆபரேஷனுக்குப் பிறகு நாய் குண்டாகிவிடுமா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: சோற்றைக் கொஞ்சம் குறைத்து, நடத்திக் கூட்டிப் போனால் ஆகாது.

கேள்வி: நேற்றுதான் எங்கள் நாய்க்குக் கருத்தடை முடிந்தது. கழுத்தில் மாட்டிய கூம்பைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. கழற்றிவிடலாமா? எப்போது குளிப்பாட்டலாம்?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: கழற்றக் கூடாது. பத்து நிமிடத்தில் தையலைக் கடித்துப் பிரித்துவிடும். தையல் பிரிக்கும்வரை குளியலும் கூடாது, மாடிப்படி ஓட்டமும் கூடாது. தையல் போட்ட இடம் வீங்கினாலோ ஈரம் கசிந்தாலோ அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.