ஏட்டில் ஒரு பங்கு வாணிகம்

திருப்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் 20,000 ரூபாய் அனுப்பி, "நல்ல பங்காகப் பார்த்துப் போடு, தம்பி" என்றார். நானோ வணிகவியல் பயில்பவனே அன்றி, ஒரு பங்கும் வாங்கியறியேன். பணத்தை வங்கியிலேயே விட்டுவிட்டு, ஏரவாடா அறையில் அமர்ந்து, ஒரு நோட்டில் "கையிருப்பு ரூ. 20,000" என்றெழுதிக் கற்பனை வாணிகம் தொடங்கினேன்.

இதற்கு நொடிக்கு நொடி விலை வேண்டியதில்லை. அத்தகைய நேரடி விலையைக் கற்பனை வாணிகத்துக்கு வழங்கலாகாது என்று 2024 மே மாதம் செபி பங்குச் சந்தைகளுக்கு ஆணையிட்டதும் உண்டு. மாலையில் வரும் முடிவு விலையே எனக்குப் போதும்.

500 ரூபாய் விலையில் 40 பங்கு வாங்கினேன்; மறுவாரம் 501க்கு விற்றேன். "இலாபம் 40" என்று எழுதியபோது என் பெருமிதத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அறைத்தோழர் எட்டிப் பார்த்து, "வரி எங்கே?" என்றார். பங்கைக் கணக்கில் வரவு வைத்துப் பின் விற்றால், வாங்கும்போதும் விற்கும்போதும் நூற்றுக்குப் பத்துக் காசு பரிவர்த்தனை வரி. இருபதும் இருபதும் நாற்பது; தீர்ந்தது இலாபம். முத்திரைக் கட்டணம் மூன்று ரூபாய் கைநட்டம், தரகு தனி. அன்றே செலவுக்கென ஒரு பத்தி கோடிட்டேன்.

ஆனால், நோட்டில் விலை சரிந்த இரவும் நான் நன்றாகவே உறங்கினேன். அண்ணன் பணம் சரிந்தால் உறங்குவேனா? அதை நோட்டு சொல்லாது. ஆகவே அடுத்த மாதம் என் உதவித்தொகையில் மிஞ்சும் 2,000 ரூபாய்க்கு மட்டும் மெய்யாக வாங்கவிருக்கிறேன். அண்ணனுக்கும் அவ்வாறே எழுதிவிட்டேன்.