கணனிப் பிள்ளைகளை வேலைக்கு எடுப்பது எப்படி?

நமது வியாபாரிகளில் பலர் இப்போது கணக்குக் கொப்பியை விட்டுக் கணனிக்கு மாற விரும்புகிறார்கள். கொழும்புக் கொம்பனிகளிடம் கேட்டால் விலை கையைச் சுடுகிறது. ஆயத்தமாக விற்கும் புரோகிராமை வாங்கினால் அது நமது கொடுக்கல் வாங்கலுக்குப் பொருந்துவதில்லை. "படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடித்துச் செய்வித்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். தாராளமாகச் செய்விக்கலாம். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

இதில் உலகத்துக்கே முன்மாதிரியாக இருப்பது கூகுள் நிறுவனம் 2005 ஆம் ஆண்டு தொடங்கிய 'கூகுள் சமர் ஒஃப் கோட்' என்ற திட்டம். விடுமுறைக் காலத்தில் மாணவர்களைப் பொது மென்பொருள் வேலைகளில் ஈடுபடுத்தி அதற்குக் கொடுப்பனவும் கொடுப்பது அதன் நோக்கம். முதல் வருடம் சுமார் 400 மாணவர்கள், ஆளுக்கு 4,500 டொலர். 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம். இதில் நாம் பெருமைப்பட வேண்டிய விடயம், முதல் பத்தாண்டுகளின் மொத்தக் கணக்கில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகம் என்பதே. அமெரிக்காவின் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களெல்லாம் அதற்குப் பின்னால்தான் நின்றன. அங்கே மூத்த மாணவர்கள் தாங்கள் செய்ததை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வெற்றிக்கு அது ஒரு முக்கிய காரணம்.

நமது நாட்டில் பிறந்த மென்பொருள் ஒன்றும் அந்தத் திட்டத்தில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவதற்காக, இங்குள்ள தொண்டர்கள் சில வாரங்களுக்குள் உருவாக்கிய 'சஹானா'தான் அது. பிறகு அது பல நாடுகளுக்குப் போனது. 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதையும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையிடமிருந்து பெற்றது.

இவ்வளவு பெரிய திட்டத்துக்கும் நமது சின்னக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அவர்கள் கையாளும் விதிகள் பணக்காரனுக்கு மட்டும் உரியவை அல்ல. என் தொழிலை வைத்தே சொல்கிறேன். நான் குருநகர்க் கரையில் நண்டும் இறாலும் வாங்கி அனுப்புகிறவன். எனக்குத் தேவையானது நிறையைப் பதிந்து, விலையைப் பெருக்கி, முற்பணத்தைக் கழித்து, தொழிலாளியின் கையில் ஒரு துண்டு கொடுக்கும் புரோகிராம். அவ்வளவுதான்.

முதலாவது, வேலையை எழுதுங்கள். கூகுள் திட்டத்தில் பங்கேற்கும் அமைப்புகள் மாணவர் வருமுன்பே என்னென்ன வேலை இருக்கிறது என்று பட்டியல் போட வேண்டும். "கடைக்கு ஒரு புரோகிராம் வேண்டும்" என்பது வேலை அல்ல. யார் பதிவார், என்ன பதிவார், கடைசியில் எந்தத் துண்டு வெளியே வர வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் ஆள் எடுக்கும் நேரம் இன்னும் வரவில்லை.

இரண்டாவது, தேட வேண்டிய இடத்தில் தேடுங்கள். குருநகர் கடற்கரை வீதியிலேயே உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் இருக்கிறது. திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணனி விஞ்ஞானத் துறையும், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014 இல் தொடங்கிய பொறியியல் பீடமும் இருக்கின்றன. 2012 முதல் யாழ் ஐ.டி. ஹப் நடத்திய 'யாழ் கீக் சலஞ்ச்' போட்டிகளில் நமது பிள்ளைகளின் திறமையை ஊரே கண்டது. துறைத் தலைவரைச் சந்தித்து, எந்த மாதத்தில் மாணவர்களைப் பயிற்சிக்கு விடுவார்கள் என்று கேளுங்கள். பரீட்சைக் காலத்தில் ஆள் கேட்டுப் பயனில்லை.

மூன்றாவது, சான்றிதழை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். ஒரு சின்னக் கணக்கைக் கொடுங்கள். நான் கொடுப்பது இது: ஒருவர் நண்டு கொண்டு வருகிறார். கூடையோடு நிறை 12 கிலோ 300 கிராம். கூடை 800 கிராம். கிலோ 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். முன்பு வாங்கிய முற்பணத்துக்காக அன்றைய காசில் காற்பங்கு கழிக்கச் சம்மதம். கையில் எவ்வளவு? 11 கிலோ 500 கிராமுக்கு 11,500 ரூபா, கழிப்பது 2,875, கையில் 8,625. விடையை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். "கூடை நனைந்திருந்தால் நிறை மாறுமே, காற்று நாளில் தொழிலுக்குப் போகாவிட்டால் கழிவை எப்படிச் செய்வது, மிச்ச முற்பணம் காற்பங்கை விடக் குறைவாக இருந்தால்?" என்று திருப்பிக் கேட்கிற பிள்ளையை எடுங்கள். கூடையில் 100 கிராம் பிழைத்தால் அது ஒவ்வொரு நாளும் ஒரு ஏழைத் தொழிலாளியின் காசில் பிழைக்கும். அந்தக் கணக்கு நம்மிடம் உள்ள அமானிதம்.

நான்காவது, ஒரு பொறுப்பாளர் வேண்டும். கூகுள் திட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் வழிகாட்டி உண்டு. உங்களுக்குப் புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வியாபாரம் தெரிந்த ஒருவர் கிழமைக்கு இரண்டு தடவை அரை மணித்தியாலம் உட்கார்ந்து, செய்ததை இயக்கிக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். தொழில்நுட்பப் பக்கத்துக்கு அவர்களின் விரிவுரையாளரையோ படித்து முடித்த ஒருவரையோ கேட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாவது, காசு. "பழகுகிற பிள்ளைதானே" என்று தேநீரோடு முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை செய்த புரோகிராமில் நாம் வருடக்கணக்காக உழைக்கப் போகிறோம். கூகுள் திட்டத்தில் இடைக்கால மதிப்பீடும் இறுதி மதிப்பீடும் உண்டு. சித்தியடைந்தால் அந்தந்தக் கட்டத்தில் பணம் வரும். நாமும் அப்படியே செய்யலாம். தொடக்கத்தில் பஸ் செலவுக்கு ஒரு தொகை, பாதி வேலையில் ஒரு தொகை, முடிவில் மீதி. எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி கட்டளையிடப்பட்ட சமூகம் நாம்.

ஆறாவது, வேலை யாருக்குச் சொந்தம்? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனிப் புரோகிராமையும் பாதுகாக்கிறது. பயிற்சிப் பிள்ளை நிரந்தர ஊழியர் அல்லர் என்பதால், உரிமை யாருக்கு, அவர் தனது படிப்பு அறிக்கையில் எதைக் காட்டலாம் என்பதை முதலிலேயே பேசி எழுதுங்கள். மூலக் குறிப்புகளும் கடவுச்சொற்களும் உங்கள் கைக்கு வந்த பிறகே வேலை முடிந்ததாகும். பழகும் காலத்தில் உண்மையான வாடிக்கையாளரின் பெயரையும் கடனையும் கொடுக்காதீர்கள். கற்பனைப் பெயர்கள் போதும். 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

ஏழாவது, பிரதி. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு நமது மக்கள் வெளியேற வேண்டி வந்தபோது, கடைகளோடு கணக்குக் கொப்பிகளும் போயின. யார் எவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு மனதைத் தவிர வேறு சாட்சி இருக்கவில்லை. ஆகவே, தினமும் கணக்கின் ஒரு பிரதி வேறொரு இடத்துக்குப் போகும்படி செய்வதை வேலையின் ஒரு பகுதியாகவே எழுதிவிடுங்கள். புது முறையைப் பழைய கொப்பியோடு ஒரு மாதம் சேர்த்து நடத்துங்கள். இரண்டும் சதம் பிசகாமல் ஒத்துவந்தால் கொப்பியை மூடலாம்.

பயிற்சி முடியும் நாளில் பிள்ளைக்கு அவர் உண்மையில் செய்த வேலையைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுங்கள். அடுத்த வருடம் வருகிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க அவரையே அரை நாள் கூப்பிடுங்கள். மொறட்டுவை முன்னுக்கு வந்ததும் அப்படித்தான்.